அரசின் சம்பூர்ணா தளம் இருக்கும்போது தனியாகப் பள்ளி மென்பொருள் வாங்குவது: எதைப் பார்த்து முடிவு செய்வது?

வேலந்தாவளம்_கிளார்க் கேட்டது:

எல்லோருக்கும் வணக்கம். சித்தூர் தாலுகாவில், கொழிஞ்சாம்பாறைப் பக்கம் உள்ள அங்கீகாரம் பெற்ற அன்எய்டட் (அரசு உதவி பெறாத) பள்ளிக்காகக் கேட்கிறேன். எல்.கே.ஜி. முதல் பத்தாம் வகுப்பு வரை 640 பிள்ளைகள், 22 டிவிஷன். கேரள ஸ்டேட் சிலபஸ், தமிழ் மீடியமும் இங்கிலீஷ் மீடியமும் உண்டு. மூன்றில் ஒரு பங்குப் பிள்ளைகள் வேலந்தாவளம், கோபாலபுரம் செக்போஸ்ட்டுக்கு அந்தப்பக்கம், தமிழ்நாட்டு ஊர்களிலிருந்து வருகிறார்கள். ஆபீஸில் இரண்டு பேர். நான்கு பஸ்.

இரண்டு கம்பெனிகள் கொட்டேஷன் கொடுத்திருக்கின்றன. முதலாவது இணையத்தில் இயங்குவது. ஒரு பிள்ளைக்கு ஆண்டுக்கு 200 ரூபாய். இரண்டாவது பள்ளிக் கம்ப்யூட்டரிலேயே போடுவது. ஒருமுறை 1,80,000 ரூபாய், இரண்டாம் ஆண்டு முதல் அதில் 20 சதவீதம் ஏ.எம்.சி. (ஆண்டுப் பராமரிப்புக் கட்டணம்). இரண்டுக்கும் ஜி.எஸ்.டி. தனி. டெமோவில் இரண்டும் ஒன்றுபோலத்தான் தெரிகின்றன. அட்மிஷன், டி.சி., அட்டெண்டன்ஸ், மார்க், ஃபீஸ், பஸ், லைப்ரரி, சம்பளம் என்று எல்லாமே இருக்கிறது என்கிறார்கள். எதை வைத்து இரண்டையும் பிரித்துப் பார்ப்பது? கையெழுத்துப் போடுவதற்கு முன் என்ன கேட்க வேண்டும்?

---

டேட்டா_பாலக்காடு பதில்:

முதலில் எது வேண்டாம் என்று முடிவு செய்யுங்கள் சார். பாதி வேலை அதிலேயே முடிந்துவிடும்.

கேரளத்தில் உங்கள் அட்மிஷன் ரிஜிஸ்டரின் மின்வடிவம் கேரள அரசின் கைட் நிறுவனம் நடத்தும் சம்பூர்ணா. டி.சி. அங்கிருந்துதான் எடுக்கிறீர்கள். ஜூன் மாதம் பள்ளி திறந்த ஆறாவது வொர்க்கிங் டேயில் பிள்ளைகளை எண்ணும் கணக்கும் அங்கிருக்கும் எண்ணிக்கைதான். தேசிய அளவில் யூடைஸ் பிளஸ் என்ற பள்ளித் தரவுத் தளம் தனியாக இருக்கிறது. ஆகவே கம்பெனிக்காரர் காட்டும் அழகான டி.சி. பக்கத்துக்குக் காசு கொடுப்பதில் அர்த்தமில்லை. நீங்கள் வாங்க வேண்டியது சம்பூர்ணாவை வைத்து உங்களால் முடிக்க முடியாத வேலைகளுக்கு மட்டும்: ஃபீஸ், பஸ், பெற்றோருக்குச் செய்தி, தினசரி அட்டெண்டன்ஸ், பள்ளியே நடத்தும் யூனிட் டெஸ்ட் மார்க்.

இதில் ஒரே ஒரு விதியை வைத்துக்கொள்ளுங்கள். பெயர், பிறந்த தேதி, ஆதார், கம்யூனிட்டி ஆகியவற்றில் திருத்தம் எதுவானாலும் முதலில் சம்பூர்ணாவில் செய்ய வேண்டும். அங்கிருந்து எக்செல்லாக எடுத்து மென்பொருளில் ஏற்ற வேண்டும். எதிர்த்திசையில் போகவே கூடாது. இரண்டு இடத்திலும் தனித்தனியாகத் திருத்தினால் பத்தாம் வகுப்புப் பெயர்ப்பட்டியல் போகும் நேரத்தில் எது சரி என்று யாருக்கும் தெரியாது. இரண்டையும் இணைக்கும் சாவி அட்மிஷன் நம்பர். பெயரைச் சாவியாக வைக்கும் மென்பொருளை அங்கேயே ஒதுக்கிவிடுங்கள். "எங்கள் சாஃப்ட்வேரிலிருந்து சம்பூர்ணாவுக்குத் தானாகப் போய்விடும்" என்று சொன்னால், உங்கள் கண்முன்னால் ஒரு பிள்ளையின் பதிவை அனுப்பிக் காட்டச் சொல்லுங்கள். வாய்ச்சொல்லை ஏற்க வேண்டாம்.

எல்லைப் பள்ளிக்கு இன்னொரு சிக்கல் உண்டு. தமிழ்நாட்டுப் பள்ளியிலிருந்து வரும் பிள்ளையின் டி.சி.யில் அந்த மாநிலத்தின் பள்ளித் தரவுத் தளமான எமிஸ் தரும் எண் இருக்கும். அது கேரளத்தில் எங்கும் செல்லாது. பள்ளி மாற்றத்துக்கு இரு மாநிலத்துக்கும் பொதுவாக உதவுவது யூடைஸ் பிளஸ் தரும் 11 இலக்க பென் (நிரந்தரக் கல்வி எண்). பழைய பள்ளி அந்தப் பிள்ளையை யூடைஸ் பிளஸின் டிராப்பாக்ஸில் (பள்ளியை விட்டுப் போனவர்களின் பட்டியலில்) விட்ட பிறகுதான் பென்னும் பிறந்த தேதியும் கொடுத்து உங்கள் பள்ளிக்கு இழுக்க முடியும். அவர்கள் விடாத வரை பிள்ளை அங்கேயே படிப்பதாகத்தான் கணக்கு. ஆகவே அட்மிஷன் பக்கத்தில் பென், முந்தைய பள்ளியின் யூடைஸ் கோடு, முந்தைய மாநிலம் மூன்றுக்கும் தனித்தனி இடம் இருக்க வேண்டும். கோடு 11 இலக்கம். 33-இல் தொடங்கினால் தமிழ்நாடு, 32 என்றால் கேரளம். "பென் வந்தது, டிராப்பாக்ஸில் இன்னும் இல்லை" என்ற நிலையை வடிகட்டிப் பட்டியலெடுக்க முடிந்தால் ஜூன் மாதம் உங்களுக்குப் பெரிய உதவி.

கம்யூனிட்டி பட்டியலையும் திறந்து பாருங்கள். தமிழ்நாட்டில் பி.சி., எம்.பி.சி. என்று போகும், இங்கே ஓ.பி.சி., ஓ.இ.சி. என்று போகும். ஒரே சாதிக்கு இரு மாநிலத்திலும் ஒரே வகை கிடைக்கும் என்பதில்லை. பட்டியலைப் பள்ளியே மாற்றிக்கொள்ள முடியாமல் கம்பெனி பூட்டி வைத்திருந்தால், ஸ்காலர்ஷிப் பட்டியல் எடுக்கும்போது கையால்தான் பிரிக்க வேண்டியிருக்கும்.

---

ஃபீஸ்_கவுண்டர் பதில்:

மேலே சொன்னது சரி. ஆனால் அன்எய்டட் பள்ளியில் மென்பொருள் நிற்பதும் விழுவதும் ஃபீஸ் பகுதியில்தான். அதனால் அதை நீட்டியே எழுதுகிறேன்.

முதலில் விலை. 640 பேருக்கு 200 ரூபாய் என்றால் 1,28,000. ஜி.எஸ்.டி. 18 சதவீதம் 23,040. ஆக ஆண்டுக்கு 1,51,040, ஐந்தாண்டுக்கு 7,55,200. இரண்டாவது கம்பெனி முதலாண்டு 2,12,400, பிறகு ஆண்டுக்கு 42,480 வீதம் நான்கு ஆண்டு 1,69,920, மொத்தம் 3,82,320. பள்ளிப் படிப்புக்கு ஜி.எஸ்.டி. விலக்கு இருப்பதால் நீங்கள் கட்டும் இந்த 18 சதவீதத்தை இன்புட் கிரெடிட்டாகத் திரும்ப எடுக்க முடியாது. அது முழுச் செலவு. கொட்டேஷனில் "தனி" என்று சின்னதாகப் போட்டிருப்பதைக் கமிட்டிக்குக் கொண்டுபோகும்போது சேர்த்தே காட்டுங்கள். இரண்டாவது பாதி விலைபோலத் தெரியும். அதில் சர்வர் கம்ப்யூட்டர், யு.பி.எஸ்., பேக்கப், வைரஸ் வந்தால் யார் பார்ப்பது என்பவை சேரவில்லை. அவற்றையும் எழுதிக் கூட்டிய பிறகு ஒப்பிடுங்கள்.

முதல் கம்பெனியிடம் கேட்க வேண்டியது: 640 என்ற எண்ணை எந்த நாளில் எண்ணுவார்கள்? டி.சி. வாங்கிப் போன பிள்ளை அந்த ஆண்டு முழுக்கக் கணக்கில் நிற்குமா? விலையை ஆண்டுக்கு எத்தனை சதவீதத்துக்கு மேல் கூட்டமாட்டார்கள்? மூன்றையும் எழுத்தில் வாங்குங்கள்.

இனி ஃபீஸ். ஒரு பிள்ளைக்கு டியூஷன், பஸ், புத்தகம், தேர்வு எனத் தலைப்புகள் தனித்தனியாக இருக்க வேண்டும். வருமான வரியின் பழைய முறையில், பள்ளிக் கட்டணங்களில் டியூஷன் ஃபீஸுக்கு மட்டும்தான், அதுவும் இரண்டு பிள்ளைகளுக்கு மட்டும்தான் கழிவு உண்டு. பஸ் கட்டணமும் டொனேஷனும் அதில் சேராது. மார்ச்சில் சர்டிபிகேட் கேட்டு வரும் பெற்றோருக்கு, எல்லாத்தையும் ஒன்றாகக் கூட்டிப் போட்ட ரசீதிலிருந்து பிரித்தெடுக்க வழியில்லை.

டெமோவில் இதைச் செய்யச் சொல்லுங்கள்: ஒரு பிள்ளைக்கு 9,500 ரூபாய் பாக்கி. பெற்றோர் 4,000 கட்டுகிறார். அந்த 4,000 எந்தத் தலைப்பில் முதலில் போய் உட்காருகிறது? வரிசையை நீங்கள் நிர்ணயிக்க முடிகிறதா? அடுத்து, அந்த ரசீதை ரத்து செய்யச் சொல்லுங்கள். ரசீது எண் மறையக் கூடாது. "ரத்து" என்ற அடையாளத்துடன், யார், எப்போது, ஏன் என்பதோடு அப்படியே இருக்க வேண்டும். அழிக்கும் வசதி கிளார்க் லாகினில் இருந்தால் அந்த மென்பொருள் உங்களையே சந்தேகத்துக்கு உள்ளாக்கும். நாள் முடிந்து கணக்கு அடைத்த பிறகு பின்தேதியில் ரசீது போட முடியக் கூடாது. முடிந்தால் எச்.எம். அனுமதியோடு மட்டும் முடிய வேண்டும். அண்ணன் தம்பிக்கான சலுகை, நடு ஆண்டில் பஸ் ஸ்டேஜ் மாற்றம், நவம்பரில் சேரும் பிள்ளை, இந்த மூன்றையும் போட்டுக் காட்டச் சொல்லுங்கள். பெரும்பாலும் மூன்றில் ஒன்றில் சிக்குவார்கள்.

ஆன்லைன் பணம்: யு.பி.ஐ.க்கும் ரூபே டெபிட் கார்டுக்கும் எம்.டி.ஆர். (பணம் வாங்குபவரிடம் பிடிக்கும் பரிவர்த்தனைக் கட்டணம்) கிடையாது. கிரெடிட் கார்டுக்கு உண்டு; அதை யார் ஏற்பது என்று தீர்மானியுங்கள். பேமெண்ட் கேட்வே கணக்கு உங்கள் டிரஸ்டின் பெயரில், டிரஸ்டின் வங்கிக் கணக்கோடு இணைந்திருக்க வேண்டும். கம்பெனியின் கணக்கில் பணம் விழுந்து பிறகு உங்களுக்கு வரும் ஏற்பாட்டை எந்தக் காரணத்துக்காகவும் ஒப்புக்கொள்ள வேண்டாம். இன்று 37 பேர் கட்டிய பணம் நாளை ஒரே தொகையாக வங்கியில் வந்து விழும். அந்த ஒரு தொகையை 37 ரசீதாகப் பிரித்துக் காட்டும் செட்டில்மெண்ட் ரிப்போர்ட் இல்லையென்றால் மாதக் கடைசியில் வங்கிக் கணக்கு ஒத்துவராது.

---

வேலந்தாவளம்_கிளார்க் கேட்டது:

மிக்க நன்றி. அந்த 4,000 ரூபாய்ச் சோதனையை நாளையே செய்யச் சொல்கிறேன். இன்னொன்று: தமிழிலும் மலையாளத்திலும் எஸ்.எம்.எஸ். அனுப்ப முடியும், சர்டிபிகேட்டும் தமிழில் வரும் என்கிறார்கள். அதில் சோதிக்க ஏதாவது இருக்கிறதா?

---

எழுத்துரு_வேலை பதில்:

நிறைய இருக்கிறது. டெமோவில் இதை யாருமே பார்ப்பதில்லை. பள்ளி திறந்த முதல் வாரம் இதில்தான் போய்விடும்.

எஸ்.எம்.எஸ்.: ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 எழுத்து. தமிழ், மலையாளம் என்றால் 70தான். அதைத் தாண்டிவிட்டால் துண்டுக்கு 67 வீதம் எண்ணி இரண்டு, மூன்று செய்தியாகக் காசு போகும். அந்த 70-ம் நம் கண்ணுக்குத் தெரியும் 70 எழுத்தில்லை. புள்ளி, கொம்பு, கால், சுழி எல்லாம் தனித்தனியாக எண்ணப்படும். "உங்கள் மகள் இன்று பள்ளிக்கு வரவில்லை" என்பது கண்ணுக்கு இடைவெளியோடு 24, கணக்கில் 36. இதோடு பிள்ளை பெயர், வகுப்பு, தேதி, பள்ளிப் பெயர் சேர்ந்தால் 70-ஐத் தாண்டிவிடும். ஆகவே "எஸ்.எம்.எஸ். 25 பைசா" என்று சொன்னால் எந்த மொழிக்கு, எத்தனை துண்டுக்கு என்று கேளுங்கள். வராத பிள்ளைக்கு மட்டும் அனுப்புங்கள். வந்த பிள்ளைக்கும் அனுப்புவது வீண்.

தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதிப்படி, டி.எல்.டி. என்ற எஸ்.எம்.எஸ். அனுப்புநர் பதிவு வேண்டும். அனுப்புநர் பெயரும் ஒவ்வொரு வாசகத்தின் அச்சும் முன்கூட்டியே ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும். தமிழுக்கு ஒன்று, மலையாளத்துக்கு ஒன்று எனத் தனித்தனி டெம்ப்ளேட். ஒப்புதல் பெற்ற வாசகத்தில் ஒரு சொல் மாறினாலும் செய்தி போகாது. மென்பொருளில் "அனுப்பியாயிற்று" என்று காட்டும், பெற்றோருக்கு வராது. டெலிவரி ரிப்போர்ட் கட்டாயம் பாருங்கள். அந்தப் பதிவு பள்ளியின் பெயரில் இருக்கட்டும். கம்பெனியின் பெயரில் இருந்தால், கம்பெனியை மாற்றும் நாளில் உங்கள் அனுப்புநர் பெயரும் அவர்களோடு போய்விடும்.

பெயர்கள்: இங்கே இனிஷியல் பெயருக்குப் பின்னால், கோவைப் பக்கம் முன்னால். ஆதாரில் சில பிள்ளைகளுக்கு அப்பா பெயர் முழுதாக ஒட்டியிருக்கும். "கடைசிப் பெயர் கட்டாயம்" என்று அடம்பிடிக்கும் மென்பொருளில் ஆபீஸ்காரர்கள் ஒரு புள்ளியை வைத்து நகர்ந்துவிடுவார்கள். அந்தப் புள்ளி ஹால் டிக்கெட் வரை போகும். ஒரே பெயர்ப் பெட்டி, ஆதாரில் உள்ளபடி பெயர் தனிப் பெட்டி, தமிழில் ஒன்று, மலையாளத்தில் ஒன்று என நான்கு போதும்.

தேடலைச் சோதிக்க: "சௌம்யா" என்று அடியுங்கள். பாதிப் பேர் ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக் கொம்பு போட்டுப் பக்கத்தில் "ள" எழுத்தை வைத்திருப்பார்கள். பார்வைக்கு ஒன்றேதான், கம்ப்யூட்டருக்கு வேறு பெயர். "ஸ்ரீ"யும் இரண்டு விதமாகக் குறியாக்கப்படுகிறது. மலையாளத்தில் சில்லு எழுத்துகளுக்கு (உயிரொலி சேராமல் நிற்கும் மெய்கள்) 2008-இல் யூனிகோடு 5.1 தனி இடம் கொடுத்தது. அதற்கு முந்தைய முறையில் அடித்த பெயரும் பிந்தைய முறையில் அடித்த பெயரும் தேடலில் சேராது. மென்பொருள் இவற்றைச் சமன் செய்தால் நல்லது; செய்யாவிட்டால் அட்மிஷன் நம்பரால் மட்டும் தேடுங்கள். பழைய பாமினி எழுத்துருவில் பட்டியல் வைத்திருந்தால் யூனிகோடுக்கு மாற்றிய பிறகே ஏற்றுங்கள், எழுத்துருவை மட்டும் மாற்றினால் குப்பையாகத்தான் தெரியும்.

சர்டிபிகேட்: பிடிஎஃப் ஆக்கி, பிரிண்டும் எடுத்துப் பாருங்கள். "கொழிஞ்சாம்பாறை" என்று ஊர்ப் பெயரையே போடச் சொல்லுங்கள். திரையில் சரியாக இருந்து, பிடிஎஃப்பில் கொம்பு "க"வுக்குப் பின்னால் போய் நின்றால், அவர்கள் பயன்படுத்தும் பிடிஎஃப் கருவி இந்திய எழுத்துகளைக் கோர்க்கத் தெரியாதது. "அப்டேட்டில் சரியாகிவிடும்" என்பதை நம்பி முன்பணம் கொடுக்க வேண்டாம். அந்தக் கருவியையே மாற்றினால்தான் சரியாகும்.

எக்செல் ஏற்றும்போது: ஆதாரும், மாணவர் அடையாள எண்ணான அபாரும் 12 இலக்கம். பொது (ஜெனரல்) வடிவத்தில் உள்ள எக்செல் கட்டத்தில் 12 இலக்க எண் 1.23-க்குப் பின்னால் ஏதோ அடுக்குக்குறியாக மாறும். அப்படியே சிஎஸ்வியாகச் சேமித்தால் மீதி இலக்கங்கள் போனது போனதுதான். பென் 11 இலக்கம் என்பதால் தப்பித்துவிடும். வங்கிக் கணக்கு எண் 16 இலக்கமானால் கடைசி இலக்கம் பூஜ்யமாகும், ஏனென்றால் எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்ணாக வைத்திருக்காது. எண் ஒட்டுவதற்கு முன்பே அந்தப் பத்தியை டெக்ஸ்ட் வடிவத்துக்கு மாற்றுங்கள். பிறந்த தேதியில் 05/06 ஜூன் ஐந்தா, மே ஆறா என்பது கம்ப்யூட்டரின் பிராந்திய அமைப்பைப் பொறுத்தது. பத்தியில் சில தேதிகள் இடப்பக்கம் ஒட்டி, சில வலப்பக்கம் ஒட்டி நின்றால் உள்ளே குழப்பம் நடந்துவிட்டது என்று பொருள். அந்த ஃபைலை ஏற்றாதீர்கள்.

---

மறையூர்_மலை பதில்:

மலைப்பகுதிப் பள்ளிகளின் கோணத்தில் சில வரிகள். உங்கள் ஊரிலும் மழைக்காலத்தில் இது வரும்.

டீச்சர் போனில் அட்டெண்டன்ஸ் போடும் ஆப் இணையம் இல்லாமலும் வேலை செய்ய வேண்டும். சோதனை எளிது: போனை ஏரோப்ளேன் மோடில் வைத்து ஒரு வகுப்பை முடியுங்கள், ஆப்பை முழுக்க மூடுங்கள், திறந்து பாருங்கள். போட்டது அப்படியே இருக்கிறதா? பிறகு இணைப்பைக் கொடுத்ததும் ஒரே ஒரு முறை ஏறுகிறதா, இரட்டிக்கிறதா? ஆப்சென்ட் செய்தி உடனே போகாமல் ஒரு அரை மணி நேரம் பிடித்துவைக்கும் வசதியும் வேண்டும். பஸ் தாமதமானால் ஒரு பஸ் பிள்ளைகளின் வீட்டுக்கெல்லாம் "வரவில்லை" என்று செய்தி போய்விடும், பெற்றோர் பதறிப்போவார்கள்.

காலண்டர்: வெள்ளிக்கிழமை இங்கே மதிய இடைவேளை நீளம், அதனால் மதிய அட்டெண்டன்ஸ் நேரத்தைக் கிழமைவாரியாக மாற்ற முடிய வேண்டும். தைப்பொங்கலுக்குப் பாலக்காடு, இடுக்கி உட்பட எல்லை மாவட்டங்களுக்கு மட்டும் உள்ளூர் விடுமுறை வரும். அறிவிப்பு வந்த அன்றே விடுமுறையை நீங்களே போட முடிய வேண்டும். கம்பெனிக்கு மெயில் போட்டுக் காத்திருந்தால் அன்று 640 பேரும் ஆப்சென்ட்.

பயோமெட்ரிக் மெஷின், லைப்ரரி, சம்பளம் மூன்றையும் இப்போது வாங்க வேண்டாம் என்பது என் கருத்து. சிறு பிள்ளைகளின் கைரேகை சரியாகப் பதியாது, காலையில் வரிசை நீளும். உங்கள் அளவுக்குச் சம்பளக் கணக்கு ஆடிட்டரிடமே இருக்கலாம். இலவசமாகக் கிடைக்கும் கிப்பன், ஃப்ராப்பே எஜுகேஷன் போன்றவற்றையும் சிலர் சொல்வார்கள். நல்ல மென்பொருள்கள்தான். ஆனால் சர்வரைப் பார்க்க ஒரு ஆள் வேண்டும், இரண்டு பேர் உள்ள ஆபீஸுக்கு அது பொருந்தாது.

---

டேட்டா_பாலக்காடு பதில்:

ஒப்பந்தம் பற்றி யாரும் எழுதவில்லை, அதனால் சேர்க்கிறேன்.

2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், சில விலக்குகள் தவிர, 18 வயதுக்குக் கீழ் உள்ளவர்களின் விவரத்தைக் கையாளப் பெற்றோரின் சம்மதம் வேண்டும் என்கிறது. பாதுகாப்புக் குறைபாட்டுக்கு அபராதம் 250 கோடி ரூபாய் வரை போகலாம். பொறுப்பு முதலில் பள்ளிக்குத்தான். கம்பெனி உங்களுக்காகக் கையாளும் ஆள், அவ்வளவே. அதனால் ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும்: விவரத்தை வேறு யாருக்கும் கொடுக்கக் கூடாது, கசிந்தால் உடனே பள்ளிக்குச் சொல்ல வேண்டும், ஒப்பந்தம் முடிந்தால் 30 நாளில் எல்லாத்தையும் திருப்பித் தந்து தங்கள் பிரதியை அழிக்க வேண்டும். திருப்பித் தருவது என்றால் பிடிஎஃப் இல்லை. எக்செல் அல்லது சிஎஸ்வி, ரசீதுகள் ஒவ்வொன்றாக, போட்டோக்கள் அட்மிஷன் நம்பரையே ஃபைல் பெயராகக் கொண்டு. இதைச் சும்மா எழுதி வாங்கினால் போதாது, டெமோ காலத்திலேயே ஒருமுறை முழு எக்ஸ்போர்ட் எடுத்துத் திறந்து பாருங்கள். முழு ஆதார் எண் சம்பூர்ணாவிலும் யூடைஸிலும் இருக்கும்போது இங்கே கடைசி நான்கு இலக்கம் போதும். ஆதார் இல்லை என்பதற்காகப் பிள்ளையைச் சேர்க்க மறுக்கக் கூடாது என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அந்தப் பெட்டியைக் கட்டாயமாக்கிய மென்பொருளை மாற்றச் சொல்லுங்கள்.

இரண்டாவது கம்பெனியை எடுப்பதானால் பேக்கப் தினமும், ஒரு பிரதி பள்ளிக்கு வெளியே. மாதம் ஒருமுறை அந்தப் பேக்கப்பை வேறொரு கம்ப்யூட்டரில் ஏற்றித் திறந்து பார்க்க வேண்டும். பேக்கப் ஓடியது என்று திரையில் வருவதும் அது திறப்பதும் வேறு வேறு.

டெமோவுக்கு அவர்களின் மாதிரிப் பெயர்களை ஏற்காதீர்கள். உங்கள் பட்டியலிலேயே மிகச் சிக்கலான 20 பிள்ளைகளின் பதிவு மாதிரியில், பெயரையும் எண்ணையும் மாற்றி, எக்செல் தயார் செய்யுங்கள்: தமிழ்நாட்டு டி.சி.யோடு வந்தவர், பென் வராதவர், இரட்டையர், நடு ஆண்டில் மீடியம் மாறியவர், அப்பா பெயர் ஒட்டிய ஆதார், பஸ் சலுகை உள்ள அண்ணன் தம்பி, டி.சி. வாங்கிப்போய்த் திரும்பி வந்தவர். இரண்டு கம்பெனியிடமும் அதே ஃபைலைக் கொடுங்கள். ஏற்றுவதை உங்கள் ஆபீஸ்காரர்தான் செய்ய வேண்டும், அவர்கள் பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும்.

தொடங்கும் நேரம்: எல்லாவற்றையும் ஜூன் முதல் வாரம் வைக்காதீர்கள். அட்மிஷன், டி.சி., ஆறாவது வொர்க்கிங் டே மூன்றும் ஒன்றாக நெருக்கும். ஏப்ரலில் ஃபீஸ் மட்டும், அதுவும் பழைய ரசீதுப் புத்தகத்தோடு சேர்த்து ஒரு மாதம். இரண்டு மொத்தமும் நாள்தோறும் ஒத்து வந்தால் புத்தகத்தை நிறுத்துங்கள். அட்டெண்டன்ஸ் ஜூலையில், மார்க் ஓணப் பரீட்சையில்.

---

வேலந்தாவளம்_கிளார்க் எழுதியது:

20 பதிவு ஃபைல் இன்று தயாராகிறது. இரு கம்பெனிக்கும் வரும் புதன்கிழமை ஒரே நாளில் நேரம் கொடுத்திருக்கிறேன், காலை ஒருவர், மதியம் ஒருவர். கேட்வே, டி.எல்.டி. இரண்டும் டிரஸ்ட் பெயரில் எடுக்கத் தேவையான காகிதங்களை மேனேஜரிடம் கேட்டிருக்கிறேன். எந்தப் பதிவு எங்கே சிக்கியது என்பதை அன்று மாலை இங்கேயே போடுகிறேன்.